வெண்பாக்கத்துக் கோல்

விடிந்ததும் நான் செய்யும் முதல் காரியம் குனிவது. மேசைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, சின்ன ரப்பர் கிண்ணத்தின் நுனியில் லென்ஸை உட்காரவைத்து, விளிம்புவரை சலைன் ஊற்றி, முகம் மேசைக்கு நேர்மேலே வரும்வரை குனிய வேண்டும். ஒரு கையால் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லென்ஸைக் கீழிருந்து கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். நீர் சிந்தினால் உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடும். கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சில நாள் ஐந்து நிமிஷம், சில நாள் இருபது. விழுப்புரம் பக்கத்து எங்கள் வளவனூர் வீட்டில் அம்மா சாமி மாடத்தில் விளக்கேற்றும் நேரமும் நான் இப்படிக் குனியும் நேரமும் ஒன்றுதான்.

எனக்குக் கெரட்டோகோனஸ். உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து, கூம்புபோல் முன்னே தள்ளும் நோய். 22 வயதில் கண்டுபிடித்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே எனக்கு நிலா ஒன்றாகத் தெரிந்ததில்லை. ஏழெட்டு நிலாக்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இந்த நோய் முற்றியபின் மூக்குக்கண்ணாடி பயன்படாது. மேடுபள்ளமான கருவிழிக்கு முன்னால் வழவழப்பான ஒரு புதுப் பரப்பை நிறுத்தினால்தான் ஒளி நேராக உள்ளே போகும். கடினமான லென்ஸ்தான் அந்தப் பரப்பு.

நான் பத்திர எழுத்தர் ஒருவரிடம் கணினியில் தட்டச்சு செய்கிறேன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம். தாய்ப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண், உட்பிரிவு, செக்குபந்தி எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் ஏற்ற வேண்டும். லென்ஸ் இல்லாத நாட்களில் ஒருமுறை 183 என்ற சர்வே எண்ணை 188 என்று அடித்துவிட்டேன். பதிவு முடிந்தபிறகுதான் தெரிந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டியதாயிற்று. ஒருவருடைய அரைக் காணி நிலம், என் கண்ணில் ஒரு 3 இன்னொரு 8ஆக மடிந்ததால், காகிதத்தில் சில வாரம் வேறெங்கோ இருந்தது. பார்வை என்பது எனக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. லென்ஸ் போடுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெளிவாயிற்று.

ஆனால் அந்த லென்ஸ் உறுத்தியது. நாளெல்லாம் உறுத்தியது.

முதலில் வாங்கியது சின்ன கடின லென்ஸ், ஒன்பது மில்லிமீட்டர்தான் இருக்கும். அது கருவிழியின் மேலேயே உட்காரும். உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழி ஒன்று. தடிமன் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. கண்ணீரில் கரைந்துவரும் காற்றிலிருந்துதான் அது பெரும்பாலும் மூச்சு விடுகிறது. அந்த இடத்தில் கடினமான ஒரு பொருளை வைத்துக்கொண்டு புதுச்சேரி ரோட்டில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டும். ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போனால் போதும். வண்டியை ஓரங்கட்டி, கரும்பு டிராக்டர்கள் கடந்துபோகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இமைப்பது குறைந்து, மதியம் மூன்று மணிக்கு மேல் கண்ணில் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். யாராவது கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பேன். அளவெடுத்துக் கொடுத்த கடையில் போய்ச் சொன்னபோது “போகப் போகப் பழகிடும்” என்றார்கள். ஆறு வருஷம் அதை நம்பினேன்.

சுற்றியிருந்தவர்கள் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். பெரியம்மா, “போன ஜென்மத்துல யார் கண்ணுல மண்ணப் போட்டியோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். வேதாந்த வகுப்புக்குப் போகும் சித்தப்பா, “உடம்பு நீ இல்லம்மா, வலி உடம்புக்குத்தான்” என்றார். அம்மா மட்டும், “சாமி சோதிக்குது, பொறுத்துக்க” என்றாள். மூன்று பேரும் என்மேல் அன்பு உள்ளவர்கள். மூன்று பதிலும் கடைசியில் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: பேசாமல் இரு.

நான் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து தேவாரம் கற்றவள். அதனால் இந்தக் கேள்வி என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோயிற்று. எங்கள் பக்கத்து மண்ணிலேயே கண் போன ஒருவருடைய கதை இருக்கிறது.

சுந்தரர் பிறந்தது திருநாவலூர். அவரைச் சிவன் ஆட்கொண்டது திருவெண்ணெய்நல்லூர். விழுப்புரம் போய் இன்னொரு பஸ் பிடித்தால் வெண்ணெய்நல்லூர் வந்துவிடும். அந்தக் கதையில் நடப்பது ஒரு பத்திர வழக்கு. கிழவராக வந்த சிவன், உன் பாட்டனார் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இது என்று காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலை. வெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வெளியே வருகிறது. பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. நகலைக் கிழித்தால் மூலம் போய்விடாது என்பது எங்கள் தொழிலில் தினமும் சொல்லும் பேச்சு. அதனாலோ என்னவோ சுந்தரரை எனக்கு வேறு யாரையும்விட நெருக்கமாகத் தெரியும்.

அவர் கண்ணை இழந்தது பின்னால், திருவொற்றியூரில். உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து மணந்தார். திருவாரூர் வசந்த விழாவின் நினைவு இழுக்க, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார். திருவெண்பாக்கத்தில் சிவன் கொடுத்தது கண்ணல்ல, ஒரு ஊன்றுகோல். காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. திருவாரூர் போய்ச் சேர்ந்தபிறகுதான் வலக்கண்.

அந்தக் கோலில்தான் என் கேள்வி முழுக்க இருக்கிறது. கண்ணைத் தர முடிந்தவர் கோலை ஏன் தந்தார்? கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்கலாம், மறுப்பதென்றால் மறுத்துவிடலாம். இடையில் இந்தப் பாதி அருள் எதற்கு? என் லென்ஸும் அப்படி ஒரு கோல்தான். நடக்கவும் வைக்கிறது, கையையும் காய்க்கவைக்கிறது. குருடாக இருந்திருந்தால் ஒரு வகை மனம் வந்திருக்கும். நல்ல கண் இருந்திருந்தால் இதைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். இடையில் நிற்பவளுக்கு எந்த மனம் சரி?

பெரியம்மாவின் பதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வினை. சுந்தரர் கதையில் வினை ஒளிந்திருக்கவில்லை. முந்தின ஜென்மம்வரை தேட வேண்டியதும் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தார், கண் போயிற்று. சங்கிலியாரின் கண்ணீரை மறைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லக்கூடாது. ஆனால் குற்றம் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் இடத்திலேயே அடுத்து என்ன நடந்தது? சுந்தரர் வாயை மூடிக்கொள்ளவில்லை. நான் பிழை செய்தேன்தான், அதற்காக நீர் இப்படிச் செய்யலாமா என்று சண்டைக்குப் போனார். அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். கணக்குத் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சிவனும் காத்திருக்கவில்லை. தண்டனை நடந்துகொண்டிருக்கும்போதே கோலைக் கொடுத்தார். செய்த தப்பு இன்னதென்று தெரிந்தவருக்கே துணை முதலில் வந்தது என்றால், என்ன செய்தேன் என்றே தெரியாத எனக்கு, இது உன் வினை, அனுபவி என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. என் நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள் பரம்பரையும், சிறுவயதில் அரிப்பெடுத்து நான் ஓயாமல் கண்ணைக் கசக்கியதும். வினை உண்டோ இல்லையோ, அது துணையைத் தடுக்கும் காரணமாகாது.

அடுத்தது சித்தப்பாவின் பதில். உடம்பு நீயல்ல என்பதை நம் காலத்தில் வாழ்ந்து காட்டியவராக அவர் சொல்வது ரமண மகரிஷியை. 1896 ஆகஸ்ட் கடைசியில், 16 வயதில், மதுரையிலிருந்து திண்டிவனத்துக்கு ரயில் சீட்டு எடுத்தவர் விழுப்புரத்தில் இறங்கித்தான் திருவண்ணாமலைக்குப் போனார். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரிடம் தனி உரிமை உண்டு. அவருடைய இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. 1949ஆம் ஆண்டுக்குள் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி உடலை விட்டார். உடம்பே நான் இல்லை என்று உறுதியாக இருந்தவரே மருத்துவர்களின் கையைத் தள்ளிவிடவில்லை. என்னைப் போன்றவள் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு சிவந்த கண்ணோடு ஆறு வருஷம் ஓட்டினால், அதற்கு ஞானம் என்று பெயரில்லை. வலியைக் கேட்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

அம்மாவின் பதிலுக்கு, பொறுமைக்கு, பதில் சொல்வதுதான் கடினம். அது என் இயல்பிலேயே ஊறிப்போனது. அதை உடைத்தது 2016ஆம் வருஷத்து ஆவணி மாதம்.

ஒரு நாள் காலை வலக்கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெளிச்சம் ஊசிபோல் குத்தியது. நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்கு அம்மா கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அந்த மருத்துவர் சின்ன வயதுப் பெண். சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கில் நெடுநேரம் பார்த்தார். லென்ஸ் கூம்பின் உச்சியில் உரசி உரசி மேல்தோல் உரிந்திருக்கிறது, அடியில் பழைய தழும்பும் இருக்கிறது என்றார். “எத்தன நாளா உறுத்துது?” என்று கேட்டார். “ஆறு வருஷமா. பழகிடும்னு இருந்துட்டேன்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பழகுற உறுத்தல் பத்து நாள், பதினஞ்சு நாள்ல குறையணும்மா. குறையாதது பழகாது. அது கண்ணு உங்களக் கூப்பிடறது.” கண் சிவந்தாலோ, வெளிச்சம் குத்தினாலோ, லென்ஸைக் கழற்றிய பிறகும் பார்வை மங்கியே இருந்தாலோ அன்றைக்கே வர வேண்டும், குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது என்று ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அது இன்னும் என் கண்ணாடி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

வலக்கண்ணுக்குப் பத்து நாள் லென்ஸ் கிடையாது, மருந்துச் சொட்டுதான். இடக்கண்ணில் மட்டும், அதுவும் சில மணி நேரம்தான் போட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த நாட்களில் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, தாத்தா சொல்லிக்கொடுத்த சுந்தரர் வரலாற்றைக் காதால் மறுபடி கேட்டேன். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்குத்தான் ஒரு செய்தி உறைத்தது: காஞ்சியில் இடக்கண் மட்டும் பெற்ற சுந்தரர், சோழநாட்டுக்குப் போகும் வழியில் திருவாமாத்தூர் வந்து பாடினார் என்கிறது பெரியபுராணம். விழுப்புரத்தை ஒட்டிய எங்கள் திருவாமாத்தூர். ஒற்றைக் கண்ணோடு அவர் நடந்துவந்த மண் இது.

மறுநாளே போனேன். வளவனூரிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து டவுன் பஸ். வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் படிக்கட்டின் ஆழத்தைத் தடவித் தடவி இறங்கினேன். சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் எதிரெதிரே பார்த்து நிற்கும் ஊர் அது. உள்ளே ஆரத்தி காட்டியபோது என்னையறியாமல் வலக்கண் திறந்துகொண்டது. இடக்கண்ணில் ஒரு சுடர். வலக்கண்ணில் கலைந்து சிதறிய பத்துச் சுடர். அதைத் தரிசனம் என்று நான் சொல்லமாட்டேன். கருவிழியின் வடிவக் கோளாறு அது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சுந்தரர் வழியெல்லாம் செய்தது என்ன என்பது புரிந்தது. அவர் பொறுத்துக்கொண்டு நடக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சொன்னதால் நடை நிற்கவில்லை, நடந்ததால் சொல்வதும் நிற்கவில்லை.

அப்பரும் அப்படித்தான். சமண மடத்தில் சூலை நோய் வந்தது. அங்கே செய்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போக, அவர் பாடிய முதல் பதிகமே வயிற்றுவலியைப் பற்றியது. எங்கள் வட்டாரத்தின் இரண்டு பெரிய அடியார்களும் தங்கள் வலியைக் கடவுள் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். அதையே நாம் பதிகம் என்று காத்துவைத்திருக்கிறோம். அவர்களுடைய முறையீட்டைப் பாடிவிட்டு, வீட்டில் வலிக்கிறது என்கிற பெண்ணைப் பொறுத்துக்கொள் என்கிறோம்.

திருவெண்பாக்கம் இருந்த பூண்டிப் பக்கத்துத் தலபுராணத்தில் இன்னும் ஒன்று உண்டு. கண் கேட்டவனுக்குக் கோலா என்று கோபம் வந்து சுந்தரர் அந்தக் கோலை வீசியெறிந்தார். அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய கோயிலிருந்த இடம் நீருக்குள் போயிற்று. சுவாமியைக் கொண்டுவந்து புதுக்கோயிலில் வைத்தார்கள். பெயர் ஊன்றீஸ்வரர். கண் கொடுத்த ஈஸ்வரன் என்று பெயரிடவில்லை, கோல் கொடுத்தவன் என்றுதான் கும்பிடுகிறார்கள். பாதி அருளுக்கும் ஒரு கோயில் உண்டு. அதன்மேல் வந்த கோபத்துக்கும் அங்கே இடம் உண்டு.

அப்படியானால் பாதி அருள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில்? வெண்ணெய்நல்லூரிலேயே இன்னொருவர் இருந்தார். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரமாகச் செய்த மெய்கண்டார். அவர் உயிருக்குச் சொல்லும் உவமை கண்தான். கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் கூட இருந்து அதற்குப் பொருளைக் காட்டுகிறது. காட்டும்போது தானும் கூடவே காண்கிறது. அதேபோல இறைவன் உயிருக்குக் காட்டுகிறான், கூட நின்று காணவும் செய்கிறான். இதைத் தாத்தா சொன்னபோது எனக்குப் பத்து வயது. சொல்லாகத்தான் மனப்பாடம் ஆயிற்று. இப்போது வேறாகக் கேட்கிறது. நல்ல கண்ணுக்கும் சூரியன் வேண்டும், விளக்கு வேண்டும், பின்னால் ஓர் உயிர் வேண்டும். துணையில்லாமல் பார்க்கும் கண் உலகத்தில் இல்லை. மற்றவர்களுக்கு அந்தத் துணை உறுத்துவதில்லை, அதனால் அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு உறுத்துகிறது, தெரிகிறது. நான் வாழ்வது முழுமைக்கு வெளியே இல்லை. எல்லாரும் கோலூன்றி நடக்கிற ஊரில் என் கோல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை வலிக்குச் சமாதானமாக நான் சொல்லவில்லை. கோலைக் கொடுப்பதும், கொடுத்த கோலைச் செதுக்கிச் சீராக்குவதும் ஒரே அருளின் வேலை என்றுதான் நினைக்கிறேன். 1888இல் சூரிச்சில் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியில் லென்ஸ் செய்து, முயல்களுக்கும் பிறகு தன் கண்ணுக்கும் போட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. தாங்கப் பழகு என்று அவருக்குப் பின் வந்தவர்கள் விட்டிருந்தால், இன்று நான் போடும் ஸ்க்ளீரல் லென்ஸ் வந்திருக்காது. இது பெரியது, பதினாறு மில்லிமீட்டர். கருவிழியைத் தொடாமல் வளைந்து நின்று, வெள்ளைவிழியில் ஊன்றிக்கொள்ளும். நடுவில் இருப்பது சலைன் நீர். லென்ஸ், காற்றை உள்ளே விடும் பொருளால் ஆனது. நான் மருத்துவமனைக்குப் போன அதே வருஷம், என் கண் இன்னும் கூம்பாமல் இருக்க ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொடுத்தார்கள். அது 1990களின் இறுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை. கோலைச் சீராக்கிக்கொண்டவர் நம் பக்கமும் உண்டு. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் மூட்டுவாதத்தில் கோணிப்போனவை. அந்தக் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு அவர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் வழியில் நின்றவர். அவர் வலியை மறுக்கவும் இல்லை, வலிக்கு முன்னால் கைகட்டி நிற்கவும் இல்லை.

இந்தப் புது லென்ஸும் உறுத்தும். மதியத்துக்கு மேல் உள்ளே நீர் கலங்கிப் புகைமூட்டமாகும். முன்பானால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டே இருந்திருப்பேன். இப்போது நான்கு மணிக்கு எழுந்து, கை கழுவித் துடைத்து, லென்ஸைக் கழற்றி, புது சலைன் ஊற்றி, மறுபடி குனிந்து போட்டுக்கொள்கிறேன். போட்டதும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருவேன்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது முன்னால் ஒரு பெரியவர் காத்திருந்தார். மகளுக்கு நிலம் எழுதிவைக்க வந்தவர். வேட்டி மடிப்பில் பழைய தாய்ப்பத்திரம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கண்ணு நோவுதா?” என்று கேட்டார். நாக்கு நுனியில் “ஒண்ணுமில்ல” வந்தது.

“ஆமாங்கய்யா, நோவுது. அஞ்சு நிமிஷம் இருங்க. உங்க நம்பரச் சரியாப் பாத்துப் போடணும்” என்றேன்.

“மெதுவாப் பாரும்மா” என்று சொல்லி, அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.